மூன்றாவது ஸலாம்

பழைய சுவரைக் கண்டால் நின்றுவிடுகிற வியாதி எனக்கு உண்டு. மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். புத்தகத்தில் உள்ளதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விடுமுறை வந்தால் கதவு, நிலை, கிணற்றுக்கட்டு என்று எதையாவது பார்க்கக் கிளம்பிவிடுவேன். என் மனைவிக்கு இந்தப் பழக்கத்தில் துளியும் மரியாதை கிடையாது. "நீங்க ஒரு கல்லைக் கட்டியிருக்கலாம், சத்தம் போடாம இருந்திருக்கும்" என்பாள். கல்முனைக்கு நான் முதல் தரம் போனதும் ஒரு வீதியைப் பார்க்கத்தான்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் அந்த ஊர்க்காரன். எப்போது கதைத்தாலும் தன் ஊர் வீதியைப் பற்றித்தான் பெருமை அடிப்பான். "ஒங்கட மலையில என்ன இரிக்கி மச்சான், தேயிலையும் அட்டையும்தான். எங்கட கடக்கர வீதிக்கு ஒருக்கா வந்து பாரு, மறுகா கதை." சமாதான ஒப்பந்தம் இருந்த காலம். பாதையில் சோதனைச் சாவடிகள் இருந்தாலும் மனிதர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சுனாமி வந்த அந்த டிசம்பர் விடுமுறையில், மகியங்கனை வழியாக பஸ் ஏறி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய் இறங்கினேன்.

நண்பன் இருந்தது பிரதான வீதிக்கு மேற்கே, அவன் மனைவியின் வீட்டில். அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் ஆனால் பெற்றோர் தாங்கள் இருந்த பெரிய வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவான். "இந்த ஊருல வீதி முழுக்கப் பொம்பிளையளுடதுதான். நாங்க வந்து நிக்கிற ஆக்கள்" என்று நண்பன் சிரித்தான்.

தேநீர் குடித்த கையோடு அந்த வீதிக்குக் கூட்டிப் போனான். கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிற ஒடுக்கமான வீதி. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு வரிசை வீடும், அதற்குப் பின்னால் தோணிகளும் மட்டும்தான். நெல்லும் கொப்பறாவும் தோணியில் போய் வந்த காலத்தில் வியாபாரிகள் கட்டிய வீடுகள். சுண்ணாம்புச் சுவர், கறுத்துப்போன ஓடு, வாசல் நிலைகளில் கொடியும் பூவுமாகச் செதுக்கு வேலை. உள்ளே எங்கோ றேடியோ பாடிக்கொண்டிருந்தது. மீன் பொரிக்கிற வாசனை வந்தது. நான் ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் நின்று கொண்டிருந்தேன், நண்பன் பொறுமை இழந்து கொண்டிருந்தான்.

வீதியிலேயே பழைய வீட்டை அவன் கடைசிக்கு வைத்திருந்தான். பச்சை அடித்த மரக் கடப்படி. வளவு வாசலை அங்கே கடப்படி என்கிறார்கள். பலகை இடுக்கால் பார்த்தால் வாசல் நிலையின் மேல்கட்டையில் அறபு எழுத்தில் ஒரு வரி, பாதி தேய்ந்து தெரிந்தது. நான் படலைக் கதவில் கைவைத்ததும் நண்பன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"இப்ப ஏலா மச்சான். உள்ளுக்கு இத்தா இருக்காங்க."

கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கிற காலம் இத்தா. வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பாள். இந்த வீட்டு மகளின் கணவன் ஆறு கிழமைக்கு முன் சாகாமத்து வயலில் பாம்பு கடித்து மௌத்தாகிப் போனான். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். பின்வளவில் தாய் தனக்கென்று கட்டிக்கொண்டிருந்த சின்ன வீடும் அப்படியே நின்றுவிட்டது. இத்தா வீட்டு வளவுக்குள் மேசன் வர முடியாதே. மேலே கொங்கிறீட் பிளேட் போட்டு, ஏறப் படியும் வைத்து, கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்ததை வீதியிலிருந்தே பார்த்தேன்.

"அடுத்த முறை வா. நானே உள்ளுக்குக் கூட்டிப் போறன்" என்றான் நண்பன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்ததும் அவன் மீன் வாங்கச் சந்தைக்குப் போனான். நான் கொப்பியும் பென்சிலுமாகத் தனியே அந்த வீதிக்குப் போனேன். வீதியில் நின்றபடியே நிலைகளைக் கீறிக்கொள்வது எண்ணம். இரண்டு வீட்டு நிலையைக் கீறி முடித்திருப்பேன். காலடியில் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் தண்ணீர். கணுக்கால் அளவு வந்து, ஒரு ரப்பர் செருப்பை என்னைக் கடந்து கொண்டுபோய், அப்படியே திரும்பிப் போனது. சனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைவு.

பிறகு அந்தச் சத்தம். நான் இதுவரை யாருக்கும் அதைச் சரியாகச் சொன்னதில்லை, இப்போதும் முயலப்போவதில்லை. "கடல் வருது, ஓடுங்க" என்று ஒரு பெண் கத்தினாள். அதற்குப் பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரைத்தான் கத்தினார்கள். நான் மேற்கே திரும்புகிற ஒழுங்கையை நோக்கி ஓடினேன். பச்சைப் படலைக்கு முன் வந்ததும் என் கால் நின்றது. உள்ளே இரண்டு பெண்கள் இருப்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி எந்தச் சத்தம் கேட்டாலும் வெளியே வரமாட்டாள் என்பதும் தெரியும்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை ஆயிரம் முறை யோசித்துவிட்டேன். படலையை உதைத்திருக்க வேண்டும். கடல் என்று ஒரு சொல் கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்பதால், உள்ளே கண் போகாதபடி படலைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். என் வாப்பா சின்ன வயதில் பழக்கியபடி தொண்டையைச் செருமினேன். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். ஆள் வாசலுக்கு வரட்டும், வந்ததும் விசயத்தைச் சொல்லலாம். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. இரண்டாவது முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னேன். மூன்று ஸலாத்துக்குப் பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது முறை.

பதில் வரவில்லை, வீட்டில் ஆளில்லை என்று நினைத்து ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இப்படித்தான் சொன்னேன். நண்பனிடம் அதையும் சொல்லவில்லை.

பிரதான வீதிக்குக் கிட்டவாக ஒரு கடையின் மாடிப்படியில் யாரோ என் கழுத்துப்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப்போட்டார். அந்த முகம் நினைவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் நானும் நண்பனும் இடிபாடுகளுக்குள்ளிருந்து மையித்துத் தூக்கினோம். யார் யாருடையது என்று கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை. பச்சைப் படலை வீட்டில் என்ன ஆனது என்று அந்த மூன்று நாளும் நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான்காம் நாள் லொறி ஒன்றில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. யார் வீட்டு வாசலிலும் என்னால் ஸலாம் சொல்ல முடியவில்லை. மணி இருந்தால் அடிப்பேன். இல்லாவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டு, வாசலில் நிற்கிறேன் என்பேன். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து ஸலாம் சொன்னால் இன்னும் மோசம். முதல் ஸலாத்திலேயே, கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். ஒருமுறை கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் காலில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். வந்தவர் ஸக்காத்துக்குப் பட்டியல் எழுத வந்த பள்ளிவாசல் ஆள். அவர் பயந்து போனார். மழை பெய்கிற பின்னேரங்களில் சில நேரம் என் குரலே எனக்குக் கேட்கும். வெளியே ஒழுங்கையிலிருந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, பதவிசாக ஸலாம் சொல்கிற என் குரல். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

மனைவி எல்லாவற்றையும் கவனித்தாள். கேலி செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அதுதான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

யுத்தம் முடிந்த வருடம் எங்கள் நகரத்தில் பட்டாசு வெடித்தார்கள், தெருவில் பாற்சோறு கொடுத்தார்கள். நண்பன் தொலைபேசியில் வந்தான். "பாதையெல்லாம் துறந்தாச்சி மச்சான், இனி என்ன சாட்டு?" ஐந்து வருடமாக நான் பாதையைத்தான் சாட்டுச் சொல்லி வந்திருந்தேன். டிசம்பர் விடுமுறைக்குப் போவதென்று முடிவானது. பெட்டி அடுக்கும்போது மனைவி, "அந்த வீட்டு ஆக்களைக் கேட்டுட்டு வாங்க" என்றாள். நான் போனது அதற்காகத்தான். அந்தப் படலைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு என்னால் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் இனி இருக்க முடியாது.

வீதி இருந்தது, வீடுகள் இல்லை. கடலோரம் கட்டக் கூடாது என்று எல்லை போட்டுவிட்டதால் யாரும் திரும்பக் கட்டவுமில்லை. நண்பன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னோடு நடந்தான். சிமெந்துத் தரை, அதன் நடுவில் ஓர் எருக்கலை. கிணறு, மேலே தகரம் போட்டு மூடியிருந்தது. சுவர் இல்லாமல் தனியே நிற்கிற ஒரு நிலை. அதற்குள்ளால் கடல் தெரிந்தது. ஆடுகள் அந்த நிலைக்குள்ளால் போய் வந்தன. நான் அந்த நிலையை முன்பு கீறியிருக்கிறேன், கொப்பிதான் தண்ணீரோடு போய்விட்டது. நண்பன் வழிகாட்டி மாதிரி ஒவ்வொரு தரையாகக் காட்டி, இன்னாருடைய வளவு, இத்தனை பேர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். மண்ணறை வாசலில் சொல்வது போல, கடந்துபோகிற ஒவ்வொரு வளவுக்கும் வாய்க்குள் ஸலாம் சொன்னான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தேன்.

பச்சைப் படலை இல்லை. இரண்டு தூண் மட்டும் நின்றன. பின்னால் அந்தச் சின்ன வீடு, இன்னும் பூசாமல், கம்பிகள் துருப்பிடித்து அப்படியே இருந்தது. நண்பன் தூணில் சாய்ந்துகொண்டான்.

"இந்த இடத்துக்கு ஒரு கதை இரிக்கி மச்சான். அண்டைக்குக் காலத்தால, கடல் வரக்கொள்ள, இந்தக் கடப்படியில ஒரு ஸலாம் கேட்டிரிக்கி. மூணு தரம். ஊர்க்குரல் இல்ல. பதில் சொல்லாம இரிக்க ஏலாதே, உம்மாக்காரி எழும்பிப் போயிரிக்கா. ஆம்பிளைக் குரல் எண்டு மகள் முன்வீட்ட விட்டுட்டு பின்னுக்குச் சின்ன வீட்டுக்குப் போயிட்டா. அந்தப் பிளேட்டுல ஏறி, கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிண்டுதான் தப்பின. முன்வீட்டுல ஒரு கல்லும் மிஞ்சல்ல."

"உம்மா?"

"கடப்படிக்கு வந்தவதானே. மூணாம் நாள்தான் மையித்துக் கிடைச்ச."

தூணைப் பிடித்துக்கொண்டேன். அவன் அதைக் கவனிக்கவில்லை. கதையின் நல்ல பகுதிக்கு வந்திருந்தான்.

"அது மலக்கு எண்டுதான் ஊருல கதை. ஒராளக் காப்பாத்த, ஒராளக் கூட்டிப்போக அல்லா அனுப்பின மலக்கு."

"யாராவது ஒரு மனுசனாக இருக்கலாமே" என்றேன்.

நண்பன் சிரித்தான். "மனுசன் எண்டா கடல் வருது எண்டு கத்தியிருப்பான்டா. ஸலாம் சொல்லிக்கிட்டு நிப்பானா?"

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. ஐந்து வருடமாக அந்த வீதியில் ஆவி ஏதும் இருந்தால் அது நான்தான். என் குரல் என்னைத் தேடி மலைக்கு வந்தது போதாதென்று, இங்கேயும் தங்கி, ஒரு ஊருக்கே கதையாகிவிட்டிருக்கிறது. நான் சிறகு முளைத்த மலக்காகி நின்ற தூணைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். இதை இப்படியே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஒரு பெண்ணின் தாய் மலக்குக்குப் பதில் சொல்லப் போய் மௌத்தானாள் என்பது நல்ல முடிவு. அதைப் பிடுங்க நான் யார்? பத்து நிமிடம் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அது என் வசதிக்கான நியாயம் என்று எனக்கே தெரிந்தது.

"அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

வயலை மண் போட்டு நிரப்பி, கடலுக்கு வீடு பறிகொடுத்தவர்களுக்கு வரிசையாக ஒரே மாதிரி வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். போகிற வழியில் நண்பன் அவளைப் பற்றிச் சொன்னான். மிச்ச இத்தாவை அகதி முகாமில், ஒரு வகுப்பறை மூலையில் சேலை கட்டி மறைத்துத்தான் முடித்தாளாம். இப்போது தையல்தான் சீவியம். மறுகலியாணத்துக்குக் கேட்டு வந்தவர்களுக்கு மாட்டேன் என்றுவிட்டாள்.

தகரப் படலைக்குப் பின்னால் தையல் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தாங்கியைத் தட்டி விட்டுக்கொண்டிருந்தான். நான் படலைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். அதைச் செய்த பிறகுதான் செய்ததை உணர்ந்தேன். ஐந்து வருடமாக வராத சொல், தொண்டையைச் செருமிக்கொண்டு தானாக வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

மிசின் நின்றது. பதில் வரவில்லை. நண்பன் என்னையும் படலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, ஆக்கள் வந்திரிக்கம்" என்று குரல் கொடுத்தான். படலை திறந்தது. முப்பது வயது இருக்கும். முக்காட்டைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தாள். கையில் கத்தரிக்கோல். நண்பனை அவள் பார்க்கவேயில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

"இன்னொருக்கா."

மூன்றாவது முறை சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு அது போதுமாக இருந்தது. நண்பனின் முகம் மெல்ல மாறுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் நாலு அடி தள்ளிப் போய் நின்றான்.

"நான்தான் தங்கச்சி" என்றேன். "மலைநாட்டு ஆள். வீடு பார்க்க வந்தவன். கடல் வருகிறது என்று கத்தாமல் ஸலாம் சொல்லிக்கொண்டு நின்றேன். மூன்று தரம் சொன்னேன். பதில்..."

"உம்மா பதில் சொன்னவ." அவள் குரல் உயரவில்லை. "நில்லுங்க, வாறன் எண்டு சொல்லித்தான் போன. எனக்குப் பின்வீட்டுக்குக் கேட்ட. உங்களுக்குக் கேக்கல்லயா?"

என் மனைவிக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைப் பொய்யன் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் குரலை அவளும் கேட்டிருக்கிறாள். உலகத்தில் அதைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நில்லுங்க, வாறன். நடுத்தர வயதுப் பெண்ணின் குரல், கொஞ்சம் அவசரத்தோடு, அதற்குப் பின்னால் செருப்புச் சத்தம்.

"கேட்டது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நீங்க ஓடின சத்தமும் எனக்குக் கேட்ட, சேர். மலக்கு ஓடாது. ஊருல சொல்லுற கதைய நான் ஒருநாளும் நம்பல்ல. உம்மாக்கு அது நல்லா இருந்த, அதனால விட்டுட்டன்."

பக்கத்து வீட்டில் யாரோ உரலில் எதையோ இடித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது நினைவில்லை, கேவலமாகத்தான் கேட்டிருப்பேன். அவள் கத்தரிக்கோலைப் படலைக் கட்டையில் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"உம்மா குடுக்கப் போன பதில் உங்களுக்கு வந்து சேரல்லதானே" என்றாள். "வ அலைக்குமுஸ்ஸலாம். இது உம்மாட."

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படலையைச் சாத்தினாள், கொக்கியைக் கொழுவவில்லை.

விடைபெறுகிற ஸலாமைச் சாத்திய படலைக்குச் சொன்னேன். பதில் இல்லை. இரண்டாவது முறை சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்னேன். உள்ளே மிசின் ஓடத் தொடங்கியது.

மூன்றுக்குப் பிறகு திரும்பிவிட வேண்டும் என்பதுதான் முறை. நண்பன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "வா மச்சான்" என்றான். நில்லுங்க என்று ஒருத்தி எனக்குச் சொல்லியிருந்தாள். நான் நின்றேன்.